சப் பேசவில்லை, ரிசீவர் அணைகிறது: ஹோம் தியேட்டர் இணைப்புக் கோளாறுகளைப் பிடிக்கும் வழி

"சப் போயிடுச்சு" என்று கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் சப், அதாவது பேஸ் எனும் கீழ்க்கட்டை ஒலியை எழுப்பும் சப்வூஃபர் பெட்டி, போயிருக்காது. ரிசீவர் (டிவி, செட்டாப் பாக்ஸ் ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) மெனுவில் ஏதோ ஒரு வரி மாறியிருக்கும். இல்லாவிட்டால் கேபிள் பக்கத்துத் துளையில் போய் உட்கார்ந்திருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காசு செலவில்லாத காரணங்களை முதலில் வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறக்க வேண்டியவை கடைசியில் வரும்.

என்ன கோளாறாக இருந்தாலும் முதலில் ரிசீவரின் டெஸ்ட் டோனை ஓட்டுங்கள். ஸ்பீக்கர் செட்டப் மெனுவில் 'லெவல்' அல்லது 'டெஸ்ட் டோன்' என்ற பெயரில் இருக்கும். ரிசீவரே 'ஷ்ஷ்' என்ற இரைச்சலை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் வரிசையாக அனுப்பும். சப்புக்கு மட்டும் அது அடங்கிய உறுமலாகக் கேட்கும். டோன் கேட்டால் ரிசீவரிலிருந்து ஸ்பீக்கர் வரை எல்லாம் சரி. கோளாறு டிவி, செட்டாப் பாக்ஸ், ஆப், ரிசீவர் மெனு, சவுண்ட் மோடு இவற்றில் இருக்கிறது. டோனே கேட்காவிட்டால் டிவியை மறந்துவிடுங்கள். தேட வேண்டியது ரிசீவர், வயர், ஸ்பீக்கர் இந்த மூன்றில்தான். இதைச் செய்யாமல் எடுத்த எடுப்பில் கேபிளைப் பிடுங்க ஆரம்பித்தால், நன்றாக இருந்ததும் குழம்பிப்போகும்.

ஸ்பீக்கர் வயரையோ ஆர்சிஏ கேபிளையோ (ரிசீவரிலிருந்து சப்புக்குப் போகும் ஒற்றை முள் கேபிள்) தொடும் முன் ரிசீவர், சப் இரண்டையும் அணைத்து, பிளக்கையும் எடுத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்சிஏவை உருவினால் சப் 'டமால்' என்று குதிக்கும். ஸ்பீக்கர் வயரின் இரண்டு முனைகளும் அப்போது ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ரிசீவரின் அவுட்புட் பகுதியே போகலாம்.

## சப்பில் சத்தமே இல்லை

### சப்பில் விளக்குகூட எரியவில்லை

முதலில் சப்பின் முதுகில் பவர் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். பழைய செட்டோடு வந்த சப்பைப் புது ரிசீவரில் மாட்டும்போது அடிக்கடி நடப்பது இது. பின்னால் ஸ்பீக்கர் வயர் மாட்டும் கிளிப் மட்டும்தான் இருக்கிறது, பவர் கார்டு இல்லை என்றால் அதற்குள் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) கிடையாது. ரிசீவரின் 'சப் அவுட்' துளையிலிருந்து வருவது மிகச் சிறிய சிக்னல். அதை வைத்து அந்தச் சப்பை ஓட்ட முடியாது. இடையில் தனி ஆம்ப் ஒன்று வைக்க வேண்டும், அல்லது ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு சப் வாங்க வேண்டும். கேபிளை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை.

பவர் கார்டு இருந்தால்: அதே சாக்கெட்டில் வேறு ஏதாவது மாட்டி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் தனியாக ஒரு பவர் சுவிட்ச் இருக்கும், சுத்தம் செய்யும்போது கைபட்டு அணைந்திருக்கலாம். கார்டு நுழையும் இடத்துக்கு அருகில் பல சப்களில் ஃப்யூஸ் இருக்கும். பிளக்கை எடுத்துவிட்டு அதைக் கழற்றிப் பாருங்கள். கருகியிருந்தால் அதே மதிப்புள்ள ஃப்யூஸைப் போடுங்கள். பெரிய ஃப்யூஸ், வெள்ளிக் காகிதம் எதுவும் வேண்டாம்.

புது ஃப்யூஸும் போட்டவுடன் போனால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே ஆம்ப் போர்டில் ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர்களில் ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும்; அங்கிருந்து மெக்கானிக்கின் வேலை.

### விளக்கு எரிகிறது, டெஸ்ட் டோன் கேட்கவில்லை

பின்னால் இருக்கும் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருந்தால் 'ஆன்' நிலைக்குத் தள்ளுங்கள். வால்யூம் திருகு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்துப் பாதி வரை திருப்புங்கள். ரிசீவர் மெனுவில் சப்வூஃபர் 'யெஸ்' என்று இருக்க வேண்டும். மின்சாரம் போய் வந்த பிறகோ ரீசெட் செய்த பிறகோ, ஆட்டோ கேலிப்ரேஷன் (ரிசீவரே மைக் வைத்து ஸ்பீக்கர்களை அளந்துகொள்வது) ஓடும்போது சப் அணைந்திருந்தாலோ இது 'நோ' ஆகியிருக்கலாம்.

அடுத்தது கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்பது. ரிசீவரின் பின்பக்கம் ஒரே அளவுத் துளைகள் வரிசையாக நிற்கும். கோஆக்சியல் டிஜிட்டல் இன்புட்டும் சப் அவுட்டும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுதான். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி மாட்டும்போது மாறிவிடும். ஃபோனை வீடியோ மோடில் வைத்துப் பின்னால் நீட்டிப் பாருங்கள், எழுத்தைப் படித்துவிடலாம். சப் பக்கத்தில் 'எல்எஃப்இ' (பேஸுக்கென்றே உள்ள தனிச் சேனல்) என்று எழுதிய துளை இருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் 'லெஃப்ட் / மோனோ' என்பதில். சப்பில் 'அவுட்' என்று எழுதிய துளைகளும் உண்டு, அவை வேறு வேலைக்கு.

இத்தனைக்கும் பேசவில்லையா? இப்போது சப்பையும் ரிசீவரையும் பிரித்து விசாரிக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்து, கேபிளை ரிசீவர் பக்கத்தில் மட்டும் கழற்றி, ஃபோனின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆர்சிஏவுக்குப் போகும் வயர் வழியாக இணையுங்கள். சப்பின் வால்யூமைக் கால்வாசியில் வைத்து ஆன் செய்து, பேஸ் உள்ள பாட்டு ஒன்றைப் போடுங்கள்.

- சப் பேசினால் சப்பும் கேபிளும் நன்றாக இருக்கின்றன. ரிசீவர் மெனுவையும் அதன் சப் அவுட்டையும் பாருங்கள். இரண்டு சப் அவுட் உள்ள ரிசீவரில் மற்றதை முயன்று பார்க்கலாம்.
- பேசாவிட்டால் வேறு ஆர்சிஏ கேபிள். எந்தச் சாதாரண ஆர்சிஏ கேபிளும் சோதனைக்குப் போதும்.
- அதற்கும் பேசாவிட்டால் சப்பின் ஆம்ப் போயிருக்கிறது, அல்லது கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான 'காயில்' போயிருக்கிறது. மெக்கானிக்.

கேபிள் முனையை விரலால் தொட்டு 'ம்ம்ம்' வருகிறதா என்று பார்க்கும் பழைய வழி ஒன்று உண்டு. ஆம்பில் கசிவு இருந்தால் அந்த விரலுக்குத்தான் அடி. ஃபோன் இருக்கும்போது அது எதற்கு?

### டோன் கேட்கிறது, படம் போட்டால் மட்டும் இல்லை

எனக்கு வரும் புகார்களில் அதிகமானது இதுதான், காரணமும் பெரும்பாலும் ஒன்றே. ரிசீவர் மெனுவில் முன் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று இருக்கும். அப்படி இருந்தால் ஸ்டீரியோவில் வரும் பாட்டு, படம் இவற்றின் பேஸ் முழுவதும் முன் ஸ்பீக்கருக்கே போகும். சப்புக்குக் கிடைப்பது 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்) படத்தில் தனியாக வரும் எல்எஃப்இ சேனல் மட்டும். 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழ் உள்ள ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆளுயர டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு 'ஸ்மால்' என்று போட மனம் வராது. அந்த வார்த்தைக்கும் பெட்டியின் உயரத்துக்கும் சம்பந்தமில்லை. கீழ்க்கட்டை ஒலியைச் சப்புக்கு அனுப்பு என்று ரிசீவருக்குச் சொல்வது, அவ்வளவே.

அப்படியும் இல்லையென்றால் ரிமோட்டில் 'டைரக்ட்' அல்லது 'ப்யூர் டைரக்ட்' அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல ரிசீவர்களில் இந்த மோடு கிராஸ்ஓவரையே தாண்டிவிடும், சப் மௌனமாகிவிடும். 'ஸ்டீரியோ' அல்லது 'டால்பி சரவுண்ட்' மோடுக்கு மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் போட்ட காட்சியில் பேஸே இல்லாமல் இருக்கலாம். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியை வைத்துச் சப்பைச் சோதிக்க வேண்டாம்.

## சப் நடுவில் தூங்கிவிடுகிறது

ராத்திரி வால்யூமைக் குறைத்துப் பார்க்கும்போது சப் அணைந்துவிடும், சத்தமான காட்சி வந்த பிறகு ஒரு நொடி தாமதித்து விழிக்கும். 'ஆட்டோ' நிலையில் இருக்கும் சப் ஒரு குறிப்பிட்ட அளவு சிக்னல் வந்தால்தான் விழித்திருக்கும். குறைந்த வால்யூமில் ரிசீவரிலிருந்து அந்த அளவு வருவதில்லை.

சுலபமான வழி சுவிட்சை 'ஆன்' நிலையில் விட்டுவிடுவது. மின்சாரம் வீணாகிறதே என்று தோன்றினால் இப்படிச் செய்யுங்கள்: சப்பின் வால்யூம் திருகைக் குறையுங்கள், ரிசீவர் மெனுவில் சப் லெவலை அதே அளவுக்கு ஏற்றுங்கள். காதுக்குச் சத்தம் மாறாது, ஆனால் கேபிள் வழியே போகும் சிக்னல் பெரிதாகும். மெனுவில் சப் லெவல் -10, -12 என்று தரையில் கிடந்தால் கோளாறு இதுவேதான். -3 பக்கம் கொண்டுவாருங்கள். ஒய் வடிவக் கேபிள் போட்டு லெஃப்ட், ரைட் இரண்டு துளையிலும் மாட்டினாலும் பல சப்களில் சிக்னல் ஏறும்.

'ஆன்' நிலையிலும் சப் 'டிக்' என்று அணைந்து அணைந்து எழுந்தால் அது தூக்கமில்லை. ஆம்ப் சூடாகித் தன்னைக் காத்துக்கொள்கிறது, அல்லது போர்டில் பழுது. பின்பக்க உலோகத் தகடு சுவரோடு ஒட்டியிருந்தால் தள்ளி வைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

## 'ஊம்ம்ம்' என்று ஓயாத ரீங்காரம்

வால்யூமைக் குறைத்தாலும் கூட்டினாலும் மாறாமல் ஒரே ஸ்தாயியில் ஊம் கொட்டிக்கொண்டே இருக்கும். மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் துடிப்பு, அல்லது அதன் இரட்டிப்பு, ஒலிப் பாதைக்குள் புகுந்திருக்கிறது. எந்த வழியாகப் புகுந்தது என்பதைப் படிப்படியாகத்தான் பிடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அணைத்து, ஆர்சிஏ கேபிளைச் சப் பக்கத்தில் கழற்றுங்கள். பிறகு சப்பை மட்டும் ஆன் செய்யுங்கள். ரிசீவர் பக்கத்தில் கழற்றி மறுமுனையை அந்தரத்தில் தொங்கவிட வேண்டாம். தொங்கும் கேபிளே ஆன்டெனா மாதிரி ஊம் கொட்டும், நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

### கேபிள் இல்லாமலும் ஊம் வருகிறது

கோளாறு சப்புக்குள் இருக்கிறது. கூம்பில் காதை வைத்துக் கேளுங்கள், பிறகு பின்தகட்டில். கூம்பு அமைதி, தகடு மட்டும் முனகுகிறது என்றால் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்கிறது. எரிச்சலாக இருக்கும், ஆபத்தில்லை. கூம்பே ஊம் கொட்டினால் வேறு அறையில் வேறு சாக்கெட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் வந்தால் ஆம்ப் போர்டின் கப்பாசிட்டர்கள் வயதாகிவிட்டன. மாற்றுவது பெரிய செலவில்லை, ஆனால் வீட்டில் செய்யும் வேலையுமில்லை.

### கேபிள் மாட்டினால்தான் ஊம் வருகிறது

முதலில் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். உள்ளே ஷீல்டு அறுந்திருந்தால் வெளியே தெரியாது. கேபிள் பவர் கார்டுகளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் பிரித்து விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்செங்குத்தாகக் கடக்கட்டும்.

மாறவில்லையென்றால் கிரவுண்ட் லூப்: சாதனங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைந்து, கேபிள் வழியே மின்சாரம் சுற்றுவது. முதல் சந்தேகம் எப்போதும் வீட்டுக்கு வெளியிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிள் மேல்தான். எல்லாவற்றையும் பழையபடி ஓடவிட்டு, செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் அந்தக் கேபிளை மட்டும் மரையைத் திருகிக் கழற்றுங்கள். ஊம் சட்டென்று நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது. கேபிள் டிவி என்றால் கோஆக்ஸுக்கான கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்றை இடையில் போட்டால் போதும். டிஷ் என்றால் இந்த வழி சரிவராது: செட்டாப் பாக்ஸ் அதே கேபிள் வழியாகத்தான் டிஷ்ஷின் தலையில் இருக்கும் எல்என்பிக்கு மின்சாரம் அனுப்புகிறது, ஐசோலேட்டர் அதைத் தடுத்துவிடும், படமே வராது. டிஷ் வீடுகளில் ஐசோலேட்டரை ரிசீவருக்கும் சப்புக்கும் நடுவில், ஆர்சிஏ கேபிளில் போடுங்கள். அதிலும் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாக இருக்கும் மலிவு ரகம் ஆழ்ந்த பேஸைக் கொஞ்சம் விழுங்கிவிடும், பார்த்து வாங்குங்கள்.

கோஆக்ஸைக் கழற்றியும் நிற்கவில்லையென்றால் எச்டிஎம்ஐயில் மாட்டியிருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். சார்ஜரோடு இணைந்த லேப்டாப், கம்ப்யூட்டர் இரண்டும் அடுத்த சந்தேகங்கள். சப், ரிசீவர், டிவி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டுவருவது பல வீடுகளில் அத்தனையையும் தீர்த்துவிடும்.

எர்த் பின்னை உடைத்தோ, எர்த் இல்லாத பிளக் போட்டோ ஊம் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஊம் நிற்கும், உண்மை. உள்ளே ஒரு வயர் அறுந்து தகட்டில் படும் நாளில் அந்தத் தகட்டைத் தொடுகிறவர் உயிருக்கு எர்த்துதான் முதல் காவல். இதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். எந்தச் சாக்கெட்டில் மாட்டினாலும் ஊம் வருகிறது, தகட்டைத் தொட்டால் கையில் லேசாகக் கூச்சம் தெரிகிறது என்றால் வீட்டு எர்த்திங்கையே எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும்.

## பேஸ் வருகிறது, பலமில்லை

### சப்பை அணைத்தால் பேஸ் கூடுகிறது

விசித்திரமாகத் தோன்றும், ஆனால் நடக்கும். சப்பும் முன் ஸ்பீக்கரும் எதிரெதிராகத் தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 80 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் நீங்கள் இருங்கள். வேறொருவர் சப்பின் பின்னால் இருக்கும் 'ஃபேஸ்' சுவிட்சை (கூம்பு தள்ளும் திசையைத் திருப்புவது) 0, 180 என்று மாற்றட்டும். எது சத்தமாகக் கேட்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள். கிராஸ்ஓவரை வேறு எண்ணில் வைத்திருந்தால் அந்த எண்ணுக்குரிய டோனைப் போடுங்கள்.

அதற்கு முன் ஸ்பீக்கர் வயரில் சிவப்பும் கறுப்பும் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பாட்டு நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் சிதறிக் கேட்கும், பேஸும் மெலியும். இரண்டு இழையும் ஒரே நிறத்தில் இருக்கும் வயரில் அடையாளம் ஒரு மெல்லிய கோடாகவோ ஒரு இழையின் மேல் புடைத்த வரியாகவோ இருக்கும். நகத்தால் வருடினால் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் ரிசீவர் பக்கத்து முனையைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ், சிவப்பு முனையில் படும்போது வூஃபர் கூம்பு வெளிப்பக்கம் நகர வேண்டும். உள்ளே போனால் எங்கோ மாறியிருக்கிறது. வலை போட்ட ஸ்பீக்கரில் வலையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

### எப்போதும் மெலிவு

சப்பின் பின்னால் 'லோ பாஸ்' அல்லது 'கிராஸ்ஓவர்' என்று ஒரு திருகு இருக்கும். அதை 60இல் வைத்துவிட்டு ரிசீவரில் 80 என்று வைத்தால், 60க்கும் 80க்கும் நடுவில் உள்ளதை யாருமே வாசிப்பதில்லை. ரிசீவர் ஏற்கெனவே பிரித்துத்தான் அனுப்புகிறது, சப் மறுபடி பிரிக்க வேண்டியதில்லை. திருகை முழுவதும் மேலே ஏற்றுங்கள், அல்லது 'எல்எஃப்இ / பைபாஸ்' நிலை இருந்தால் அதில் வையுங்கள்.

### ஒரு இருக்கையில் மட்டும் பேஸ் காணோம்

சமையலறை வாசலில் நின்றால் நெஞ்சு அதிர்கிறது, சோஃபாவில் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. சாதனத்தில் ஒரு பழுதும் இல்லை, அறைதான் காரணம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் சுமார் 8.6 மீட்டர் நீளம். அறை அதில் பாதி, அதாவது 4.3 மீட்டர் நீளமாக இருந்தால் அந்த ஒலி இரண்டு சுவர்களிலும் குவிந்து, நடு அறையில் ஏறக்குறைய இல்லாமலே போகும். நம் சோஃபா சரியாக அங்கேதான் இருக்கும்.

இந்தக் குழியைச் சப்பின் வால்யூமைக் கூட்டி நிரப்ப முடியாது. வாசலில் இன்னும் அதிரும், சோஃபாவில் அப்படியேதான். செய்ய வேண்டியது இடம் மாற்றுவது. சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். ஒரே பேஸ் தாளம் உள்ள பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சப் வைக்க இடமிருக்கும் சுவரோரங்களில் குனிந்து, தலையைச் சப்பின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டே தவழுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு அடியும் சமமாக, தெளிவாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வைத்துவிட்டு சோஃபாவை மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இதற்கு ஈடான கருவி எந்தக் கடையிலும் இல்லை. சோஃபாவைச் சுவரிலிருந்தோ நடுவிலிருந்தோ அரை மீட்டர் நகர்த்துவதுகூடப் பல நேரம் போதும்.

### ஆட்டோ கேலிப்ரேஷன் செய்த பிறகு மோசமாகிவிட்டது

டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ என்று பெயர் மாறும், வேலை ஒன்றே: மைக் வைத்து அளந்து லெவலையும் தூரத்தையும் தானே போட்டுக்கொள்ளும். மைக்கைச் சோஃபாவின் மெத்தை மேல் வைத்தால் அளவு கெடும். முக்காலி ஸ்டாண்டில், காது உயரத்தில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். முடிந்ததும் சப் லெவலைப் பாருங்கள். -12 என்று அடிமட்டத்தில் முட்டி நின்றால் சப்பின் வால்யூம் திருகு அதிகமாக இருக்கிறது. குறைத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

சப்பின் தூரம் நிஜத்தைவிட ஒன்றிரண்டு மீட்டர் அதிகமாகக் காட்டினால் திருத்தாதீர்கள். சப்புக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும். ரிசீவர் அந்தத் தாமதத்தையும் சேர்த்துத்தான் தூரமாகக் கணக்கிடுகிறது. டேப் வைத்து அளந்து 'சரி' செய்தால் சரியாக இருந்ததும் கெடும். ஆனால் முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று அதுவே முடிவு செய்திருந்தால் அதைத் தாராளமாக மாற்றலாம்.

## பேஸ் குமுறுகிறது, ஜன்னல் அதிர்கிறது

சப் அறை மூலையில் இருந்தால் கொஞ்சம் வெளியே இழுங்கள். மெனுவில் 'எல்எஃப்இ + மெயின்' என்று இருந்தால் வெறும் 'எல்எஃப்இ'க்கு மாற்றுங்கள். ஒரே பேஸ் இரண்டு இடத்திலிருந்து வருவது நிற்கும். டிவியிலோ ஆப்பிலோ பேஸ் பூஸ்ட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கிராஸ்ஓவர் 120க்கு மேல் இருந்தால் ஆண் குரலே சப்பிலிருந்து வருவது போலிருக்கும், இறக்குங்கள்.

எது அதிர்கிறது என்று கண்டுபிடிக்க, 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை ஓடவிட்டு, கடகடக்கும் இடத்தில் நிறுத்தி, அறையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள். பத்துக்கு எட்டு முறை படச் சட்டமோ அலமாரிக் கண்ணாடியோதான்.

### அதிர்வு சப்பிலிருந்தே வருகிறது

வால்யூம் கூட்டும்போது மட்டும் 'ஃபுஃபு' என்று காற்று ஊதும் சத்தம் வந்தால் பெட்டியில் காற்று போய்வரும் போர்ட் துளை திணறுகிறது; லெவலைக் குறையுங்கள். 'டப், டப்' என்று அறைந்தால் கூம்பு தன் எல்லையை முட்டுகிறது, உடனே குறையுங்கள்.

குறைந்த சத்தத்திலேயே கரகரவென்றால் அணைத்துவிட்டு, கூம்பின் இரு பக்கமும் விரல்களை விரித்து வைத்துச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சரசரவென்று உரசினால் காயில் இடம் விலகியிருக்கிறது. யூனிட்டை மாற்ற வேண்டும். ஓரத்து ஃபோம் வளையத்தையும் தொட்டுப் பாருங்கள்: பழைய சப்களில் அது விரலில் மாவாக உதிரும். ஃபோமை மட்டும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், முழு யூனிட்டும் தேவைப்படாது.

## ஒரு ஸ்பீக்கர் மட்டும் பேசவில்லை

ரிசீவர் பக்கத்தில் இடது, வலது வயர்களை இடம் மாற்றி மாட்டுங்கள்.

- அதே ஸ்பீக்கர் இன்னும் மௌனம் என்றால் வயர் அல்லது ஸ்பீக்கர்.
- மௌனம் மறு ஸ்பீக்கருக்குத் தாவினால் ரிசீவரின் அந்தச் சேனல்.

வயர் என்றால் முனையைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் உறையைப் போதுமான நீளம் சீவாமல் மாட்டியிருப்பார்கள். திருகு செம்பைக் கடிக்காமல் பிளாஸ்டிக்கைக் கடித்துக்கொண்டிருக்கும். இழுத்தால் கெட்டியாக இருக்கும், சத்தம் மட்டும் வராது. பனானா பிளக் மாட்டப் போனால், புது ரிசீவர்களின் துளையில் சின்ன பிளாஸ்டிக் மூடி செருகியிருக்கும், அதை எடுக்க வேண்டும். 'ஸ்பீக்கர் பி' முனைகளில் மாட்டியிருந்தால் முன்பக்கப் பொத்தான் 'ஏ'யில் இருக்கும்வரை அது பேசாது.

மல்ட்டிமீட்டர் இருந்தால் ரிசீவர் பக்கம் கழற்றிய வயரின் இரு முனைகளில் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 பக்கமும் 4 ஓம் ஸ்பீக்கர் 3 பக்கமும் காட்டும். அது சரியான அளவுதான். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். அந்த வயரை ரிசீவரில் திரும்ப மாட்டவே வேண்டாம்.

ரிசீவரின் சேனல்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால், விட்டு விட்டு வருகிறதா, வால்யூமை ஒரு நிமிடம் ஏற்றினால் பேச ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் உள்ளே ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் ரிலே சுவிட்சின் முனை அழுக்கேறியிருக்கிறது, சின்ன வேலை. மெக்கானிக்கிடம் இதைச் சொல்லிக் கொடுத்தால் தேடும் கூலி மிச்சம்.

## ரிசீவர் தானே அணைந்து சிவப்பு விளக்கு மின்னுகிறது

இது ப்ரொடெக்ட் மோடு: ரிசீவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைகிறது. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே அடி விழுகிறது. பிளக்கை எடுத்துவிட்டு, எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் கழற்றுங்கள். சப் கேபிளை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். இப்போது ஆன் செய்யுங்கள்.

### வயர் இல்லாவிட்டால் அணையாமல் ஓடுகிறது

அணைத்து, ஒரு ஸ்பீக்கரை மாட்டி, ஆன் செய்து, மிதமான சத்தத்தில் ஓடவிடுங்கள். பிறகு அடுத்தது. எதை மாட்டும்போது அணைகிறதோ அந்த வயரின் இரு முனைகளையும் பாருங்கள். தலைமுடி கனத்தில் ஒரே ஒரு செம்பிழை தப்பி பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். டார்ச் அடித்தால்தான் தெரியும். இழைகளை இறுக முறுக்கி மறுபடி மாட்டுங்கள். கதவு இடுக்கில் நசுங்கிய இடம், ஆணி ஏறிய இடம் இருக்கிறதா என்று வயர் நெடுகப் பாருங்கள்.

எல்லாம் மாட்டியும் ஓடுகிறது, சத்தம் கூட்டினால் மட்டும் அணைகிறது என்றால் சூடு அல்லது சுமை. ரிசீவரின் மேல் செட்டாப் பாக்ஸை வைத்திருந்தால் எடுங்கள், மேலே ஒரு சாண் காற்றிடம் விடுங்கள், துளைகளில் படிந்த தூசியை உறிஞ்சி எடுங்கள். ஒரே முனையில் இரண்டு ஸ்பீக்கர்களைச் சேர்த்து மாட்டியிருந்தால் பிரியுங்கள்: இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4 ஓம் ஆகிவிடும், பல ரிசீவர்களுக்கு அது தாங்காது. சப்பில் ஸ்பீக்கர் வயர் துளைகளும் ஆர்சிஏவும் ஒரே நேரத்தில் மாட்டியிருந்தால் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி ஆர்சிஏவை மட்டும் விடுங்கள்.

### ஒரு வயரும் இல்லாமலே அணைகிறது

ரிசீவரின் அவுட்புட் அல்லது பவர் பகுதி போயிருக்கிறது. ஒரு மணி நேரம் பிளக் இல்லாமல் வைத்து ஒரே ஒரு முறை முயலலாம். அதற்கு மேல் வேண்டாம், நேரே சர்வீஸ்.

## பின் ஸ்பீக்கர்கள் டிவி பார்க்கும்போது மட்டும் ஊமை

டெஸ்ட் டோன் கேட்கிறது என்றால் டிவி ஸ்டீரியோதான் அனுப்புகிறது. டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் 'பிசிஎம்' என்று இருக்கும். 'ஆட்டோ', 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்றுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் இரு பக்கமும் 'ஏஆர்சி' (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவது) என்று எழுதிய துளையில் இருக்க வேண்டும், இரண்டிலும் சிஇசி (எச்டிஎம்ஐ வழியே ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன் ஆகியிருக்க வேண்டும். ஆப்டிகல் கேபிள் வழியாக 5.1 டால்பி டிஜிட்டல் போகும், ஆனால் பிசிஎம் என்று வைத்தால் அதிலும் இரண்டு சேனல்தான்.

பார்க்கும் நிகழ்ச்சியே ஸ்டீரியோ என்றால் பின் ஸ்பீக்கர்கள் சும்மா இருப்பது நியாயம். வேண்டுமென்றால் ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பும் 'டால்பி சரவுண்ட்' அல்லது 'நியூரல் எக்ஸ்' மோடை ரிசீவரில் போடுங்கள்.

வசனம் மட்டும் அமுங்கிக் கேட்டால் சென்டர் லெவலை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள், சென்டர் ஸ்பீக்கரை அலமாரியின் முன் விளிம்புக்கு இழுத்துக் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். சென்டர் இல்லாமலே மெனுவில் 'யெஸ்' என்று இருந்தால் வசனம் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கும். 'நோ' என்று மாற்றினால் முன் இரண்டிலும் வந்துவிடும்.

ஏஆர்சியில் சத்தம் விட்டு விட்டு வந்தால் டிவி, ரிசீவர் இரண்டின் பிளக்கையும் எடுத்து ஐந்து நிமிடம் கழித்து, முதலில் டிவியை, பிறகு ரிசீவரை ஆன் செய்யுங்கள். பிறகு கேபிளை மாற்றிப் பாருங்கள். ஃபேக்டரி ரீசெட் கடைசியாக. அதற்கு முன் ஸ்பீக்கர் மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்தால் கேலிப்ரேஷன் உட்பட எல்லாம் அழியும், முன் ஸ்பீக்கர் மறுபடி 'லார்ஜ்' ஆகியிருக்கலாம்.